முழங்கை அளவு

பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதற்கு அவசியமும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். நான் தையல் மிஷினை நிறுத்தினால் போதும், அவர்கள் பேசுவது என் கூடத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கும். அந்த வீட்டு மகள் வந்துவிட்டால் மிஷினை நிறுத்தவும் வேண்டியதில்லை. அவளுக்கு அப்படி ஒரு தொண்டை.

அவள் அம்மாவை எங்கள் தெருவே நெட்டையக்கா என்றுதான் கூப்பிடும். அக்கா அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. மாவு மூட்டை கொண்டு வருகிற ஆள் வழி தெரியாமல் போன் பண்ணினால், "நெட்டை வீடு எதுன்னு கேளுங்க, சின்னக் குழந்தைகூடச் சொல்லும்" என்பாள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் குள்ளம். வேலையில் இருந்தவரை ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் டெப்போவுக்குப் போவார். அதைச் சீட்டில் போட்டு உட்கார்ந்தால்தான் அவருக்கு ரோடு தெரியும். அந்தத் தலையணைக்கு வருஷா வருஷம் உறை தைத்துக் கொடுத்தவள் நான். இரண்டு பேரும் சேர்ந்து கடைத்தெருவுக்குக் கிளம்பினால், அவர் அக்காவின் தோளுக்குக் கீழே நடந்து வருவார். தெருவில் யாராவது சிரித்தால் அக்காவும் சேர்ந்து சிரிப்பாள்.

அக்காவுக்குத் தொழில் பன், ரொட்டி, ரஸ்க். வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்டு இறக்கிய ஓர் அறை இருந்தது. அதில் பெரிய ஓவன் ஒன்று, ஜன்னலோரம் ஒரு மேடை, எதிர்ச்சுவரில் இன்னொரு மேடை. விடியற்காலையில் அவள் மாவை மேடையில் அடித்துப் பிசைகிற சத்தம்தான் எனக்கு அலாரம். தொப், தொப் என்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்துவிடும். அந்த வாசனைக்குப் பிறகு படுக்கையில் கிடக்க எவராலும் முடியாது. டீக்கடைகள், பள்ளிக்கூடத்து கேன்டீன், ஆஸ்பத்திரி வாசல் கடை எல்லாவற்றுக்கும் அவள் சரக்குதான் போகும்.

அந்த அறையில் ஒரே குறை, எல்லாமே அவளுக்குக் குட்டை. முன்னால் குடியிருந்தவர்கள் யாரோ கட்டிய மேடைகள். அக்கா இடுப்பை மடித்துக் குனிந்துதான் மாவு பிசைய வேண்டும். வாசல் நிலையோ அதைவிடக் குட்டை. கையில் தட்டோடு அவசரமாக நுழையும்போது நெற்றியில் இடித்துக்கொள்வாள். ஒருநாள் நெற்றி வீங்கி வந்து நின்றவளைப் பார்க்கச் சகிக்காமல், வெட்டுத்துணியை எல்லாம் அடைத்து நீளமாக ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தேன். அதை நிலையின் மேல்கட்டையில் ஆணி அடித்து மாட்டினார்கள்.

"இந்த நிலைக்கு மேல வெளிச்சத்துக்குக் கண்ணாடி வச்சிருக்காங்களே, அதை எடுத்துட்டு நிலையை உசத்திடலாம்னு கொத்தனார் சொல்றாருங்க" என்று அக்கா எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

டிரைவர் அண்ணன் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "குனிஞ்சு போனாப் போச்சு. நான் முட்டிக்கிறேனா?"

"நீங்க எங்க முட்டுறது! உங்க தலையில பன் தட்டை வச்சு அனுப்பினாலும் முட்டாது" என்பாள் அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடியும். நிலை அப்படியே இருக்கும்.

போன மழைக்காலத்தில் கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். மாவு மூட்டையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த அக்கா வழுக்கி விழுந்துவிட்டாள். முதுகெலும்பில் அடி. ஆபரேஷன், ஆஸ்பத்திரி, அலைச்சல் என்று அந்த வீடே உருக்குலைந்து போனது. டாக்டர் கடைசியில் நல்ல வார்த்தைதான் சொல்லி அனுப்பினார். எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து நின்று பழக வேண்டும், பயம்தான் பெரிய வியாதி என்றார். அக்கா நிமிரவில்லை. முன்னறைக் கட்டிலில் படுத்தவள், பாத்ரூம் போக மட்டும் எழுந்திருப்பாள். அதற்கும் வாக்கர். அந்த வாக்கரின் காலைக் கடைசித் துளை வரைக்கும் இழுத்து விட்டும் அவளுக்கு எட்டவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு கூனிக் கூனி முற்றத்தைத் தாண்டிப் போவாள்.

"பார்த்தியா, இதுவும் குள்ளம். எனக்கு வாய்ச்சது எல்லாமே குள்ளம்தான்டி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருந்தது.

அதன்பிறகு அண்ணனே மாவு பிசைய இறங்கினார். அவர் போட்ட பன்னைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, எடுத்து எறிந்தால் தெருநாய் ஓடிவிடும். டீக்கடைக்காரர் பழகிய முகத்துக்காக வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கியதை டீயில் ரொம்ப நேரம் ஊறவைத்தால் சாப்பிடலாம் என்று வருகிறவர்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்தார். அண்ணன் விடவில்லை. கட்டிலில் கிடந்தபடி அக்கா ஒரு யோசனையாவது சொல்லுவாள் என்று தினமும் ஒரு பன்னைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவள் வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அடுத்த மழை வந்தது. கூரை இன்னும் மோசமாக ஒழுகியது. ஜன்னலோர மேடையின் கல் விரிசல் விட்டு, ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. இனிச் சும்மா இருக்க முடியாது, எதையாவது செய்தாக வேண்டும் என்று ஆனபோது மகள் வந்து இறங்கினாள். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடியிருந்தாலும் ஞாயிறு தவறாமல் வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போகிற பிள்ளை. தொண்டையை வைத்து அவளை எடை போடக்கூடாது.

"அப்பா, கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க" என்று அவள் ஆரம்பித்ததும் நான் மிஷினில் நூல் கோக்கத் தொடங்கினேன். "செலவு பண்றதுன்னு ஆயாச்சு, உருப்படியாப் பண்ணுவோம். ஓவனை வித்துடுவோம். மேடை ரெண்டையும் எடுத்துட்டு, டைல்ஸ் போட்டு, அங்கேயே ஒரு பாத்ரூம் கட்டி, அதை அம்மாவுக்கு ரூமா ஆக்கிடுவோம். இந்த மழையில அந்த வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு முற்றத்தைத் தாண்டிப் போறாங்களே, பார்க்கிற எனக்கே குலை நடுங்குது. இன்னொரு தடவை விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"முற்றத்துல ஷீட் போட்டுடறேன். பிடிச்சு நடக்கச் சுவரோரமாக் குழாய் வச்சிடறேன். அது நீ சொல்றது நியாயம்தான்."

"அப்போ ரூம்?"

"ரூம்ல பன் போடணும்."

"பன்னா? நீங்க போடுறதுக்குப் பேரு பன்னாப்பா? உங்க மாப்பிள்ளை போன வாரம் கடிச்சுட்டுப் பல் டாக்டர்கிட்ட போனாரு. நான் சொல்லவேண்டாம்னு இருந்தேன்."

"பழகப் பழக வரும்."

"யாருக்கு வரும்? உங்களுக்கா? அம்மா இருபது வருஷமாப் போட்ட கை. அது உங்களுக்கு வந்துடுமா? அம்மாவையே கேளுங்க. அம்மா, நீ சொல்லும்மா."

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு அக்காவின் குரல் கேட்டது. "அவ சொல்றதுதான் சரி. வித்துடுங்க."

நான் நூல் கோப்பதை நிறுத்தினேன். தினமும் சாயங்காலம் அந்த ஓவனைத் துடைத்து, மேலே நான் தைத்துக் கொடுத்த உறையைப் போட்டுவிட்டு, "என் ரெண்டாவது பொண்ணு, இவ எதிர்த்துப் பேச மாட்டா" என்று சொல்கிற அக்கா இவள்.

"விக்க மாட்டேன்" என்றார் அண்ணன்.

"விக்காம? உட்கார்ந்து பூசை பண்ணப் போறீங்களா?"

"விக்க மாட்டேன்னா விக்க மாட்டேன். கூரையை மாத்துவேன். இடிஞ்ச மேடையைக் கட்டுவேன். அவ்வளவுதான்."

மறுநாள் கொத்தனார் வந்தார். கொத்தனாருக்கு மேடை கட்டுவதில் ஒரு முறை உண்டு. டேப்பை வெளியே எடுக்க மாட்டார். அந்த இடத்தில் வேலை செய்யப் போகிற ஆளை நிறுத்தி, முழங்கையை மடக்கச் சொல்லி, சுவரில் கரிக்கட்டையால் ஒரு கோடு போடுவார். அதிலிருந்து ஒரு சாண் கீழே மேடை. காய் நறுக்க என்றால் நாலு விரல் கீழே.

"பிசையப் போறது யாரு? வந்து நில்லுங்க" என்றார்.

முன்னறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அவர்தான் கொத்தனாரே! அவர் அளவுக்கே கட்டிடுங்க. பழசைவிட ஒரு சாண் இறங்கினாலும் இறங்கும், பரவாயில்லை!"

அண்ணன் நிற்கவில்லை. "அளவு நான் அப்புறம் தர்றேன். நீ முதல்ல கூரையைப் பாரு."

"அப்புறம் என்ன அப்புறம்? ஆள் இங்கதானே நிக்கிறீங்க?"

"கூரையைப் பாருப்பா."

அன்று மத்தியானம் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் காலடி கேட்டதும் திரும்பாமலே பேசினாள்.

"அவருக்கு என்ன திட்டம்னு எனக்குத் தெரியும். என் அளவுக்கு ஒரு மேடை கட்டப் போறார். ஊர்ல எல்லாருக்கும் பெரிய மனசுக்காரர்."

"கட்டினா கட்டட்டுமே அக்கா. இத்தனை வருஷம் முதுகை ஒடிச்சுக்கிட்ட உனக்கு இப்பவாவது..."

"இப்ப எதுக்குடி? நான் நின்னுக்கிட்டிருந்தப்ப கட்டலை. படுத்ததுக்கப்புறம் எதுக்கு?" திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "அப்படி ஒண்ணைக் கட்டி வச்சா அது தினமும் எப்ப வர்றே, எப்ப வர்றேன்னு கேட்டுக்கிட்டே நிக்கும். நான் என்ன பதில் சொல்றது? அவர் அளவுக்குக் கட்டிட்டா முடிஞ்சது. நான் இனிமே வரமாட்டேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும். நானும் நிம்மதியாப் படுத்துக்குவேன்."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. நிம்மதியாம் நிம்மதி! ஆனால் கட்டிலில் கிடக்கிறவளிடம் என்ன கோபப்படுவது? கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அண்ணன் என் வாசலில் வந்து நின்றார்.

"அளவு டேப் ஒண்ணு குடும்மா."

"உங்ககிட்டதான் இரும்பு டேப் இருக்கே அண்ணே? நல்ல பெரிய டேப்பு."

"அது சத்தம் போடும்."

டேப்பு சத்தம் போட்டால் என்ன, இவர் என்ன திருடவா போகிறார் என்று நினைத்துக்கொண்டே கழுத்தில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து தந்தார். முகத்தில் பரீட்சை எழுதி முடித்த பிள்ளையின் களை. எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். எதையாவது சாதித்துவிட்டால் அந்த மனுஷருக்கு வாயே திறக்காது.

கூரை மாறியது. முற்றத்துக்கு ஷீட் வந்தது, சுவரோரம் பிடித்து நடக்கக் குழாய் வந்தது. பிறகு பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொத்தனார் மேடை வேலையைத் தொடங்கினார். யாரையும் உள்ளே விடவில்லை. அண்ணன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். ஒருமுறை உள்ளேயிருந்து கொத்தனார் போட்ட சத்தம் என் கொல்லைக்கே கேட்டது.

"அண்ணே, இது ரொம்ப உசரமாத் தெரியுதே? கோடு தப்பாப் போட்டுட்டோமா?"

"அவ உசரம் உனக்குத் தெரியாது. நீ கட்டு."

"ஒரு சாண் குறைக்கணுமே, குறைச்சுத்தானே சொன்னீங்க?"

"எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கேன். கட்டுப்பா."

மேலே கிரானைட் பலகை போட்டு, பூச்சு காய்ந்து, எல்லாம் முடிந்த ஞாயிறு காலையில்தான் அந்த வீட்டில் அலறல் கேட்டது. மகளின் அலறல்தான். துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பின்னறையில் அண்ணன் புது மேடைக்கு முன்னால் நின்றிருந்தார். மேடை அவர் கக்கத்துக்கு வந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மாவு உருண்டையை அழுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் கவுன்ட்டரில் எட்டிப் பார்க்கிற பிள்ளைபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மகளும் முதலில் சிரித்தாள், பிறகு அந்தச் சிரிப்பிலேயே அழுதுவிட்டாள்.

"என்னப்பா இது? யாருக்குப்பா இது? அம்மா நல்லா இருந்தப்பக்கூட இது அவங்களுக்கு உசரம்! இதுல யாரு நின்னு மாவு பிசையிறது?"

கொத்தனார் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "நான் அப்பவே கேட்டேன்மா."

"எப்படி அண்ணே அளந்தீங்க?" என்று நான் கேட்டேன். அளவு என்பது என் தொழில். அதில் ஒரு தப்பு என்றால் எனக்குக் கை அரிக்கும்.

அண்ணன் மாவை விட்டுக் கையை எடுத்தார். "அவ மத்தியானம் தூங்கிட்டிருந்தா. முழிச்சிருந்தா விடமாட்டாளே. அதான், போர்வையை விலக்காம மெதுவா... காலுலேருந்து முழங்கை வரைக்கும்."

"கால்ல எங்கேயிருந்து? குதிகாலா, விரலா?"

அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"விரல் நுனியிலேருந்து."

"அண்ணே! படுத்திருக்கிற ஆளுக்குப் பாதம் நீட்டிக்கிட்டுத்தானே இருக்கும்? நிக்கும்போது குதிகால்தானே தரையில இருக்கும்? அக்கா என்ன டான்ஸ்காரியா, விரல் நுனியில நின்னுக்கிட்டு பன் போட?"

"சரிங்க, அது ஒரு தப்பு. ஒரு சாண் எங்க போச்சு?" என்றார் கொத்தனார். "நீங்க கொண்டுவந்தது முழங்கை அளவா? மேடை அளவுன்னுல்ல நான் நினைச்சேன்? ஒரு சாண் குறைக்கவே இல்லையா?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். "அவ உசரத்துல குறைக்கிறதுக்கு எனக்கு மனசு வரலைப்பா."

கொத்தனார் ரசமட்டத்தைக் கீழே வைத்தார். மகள்தான் மூக்கை உறிஞ்சிவிட்டு முதலில் தேறினாள்.

"போனது போகட்டும். கொத்தனாரண்ணே, கல்லை எடுத்துட்டு மேல் வரிசையை உடைச்சிடுங்க. அப்பா அளவுக்கே இறக்கிடுங்க. அம்மா காதுக்குப் போறதுக்கு முன்னாடி."

அம்மா காதுக்கு எப்போதோ போயிருந்தது. அந்தத் தொண்டைக்குத் தெருக்கோடி வரைக்கும் போயிருக்கும். கொத்தனார் சுத்தியலையும் உளியையும் எடுத்தபோது முற்றத்தில் வாக்கர் சத்தம் கேட்டது. டக். டக். டக்.

அக்கா அந்த அறைக்குள் கால் வைத்தே ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். வாக்கரின் மேல் கூனிக்கொண்டு வந்ததால் அந்த வாசல் நிலையில் அவள் குனிய வேண்டியிருக்கவில்லை. மூச்சு வாங்க நின்று மேடையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"என்னை என்ன பனைமரம்னு நினைச்சீங்களா?"

"இல்லம்மா..."

"தூங்கும்போது அளந்தீங்களா?"

"நீ முழிச்சிருந்தா..."

"ஒரு பொம்பளை அசந்து தூங்கும்போது டேப்பை வச்சு அளக்கிறதுன்னா என்னங்க? நாளைக்குச் சவப்பெட்டிக்கு அளவெடுத்தீங்கன்னு ஊர் சொல்லாது?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல கோபம். படுத்த நாளிலிருந்து அந்த முகத்தில் நான் பார்க்காத கோபம். "இதுவா என் முழங்கை? கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்துல என் முழங்கை எங்க இருக்குன்னு தெரியலை உங்களுக்கு? இங்க பாருங்க. நல்லாக் கண்ணைத் திறந்து பாருங்க!"

வாக்கரைத் தள்ளிக்கொண்டு மேடையருகே வந்தாள். தன் முழங்கை எவ்வளவு கீழே இருக்கிறது என்று காட்டுவதற்காக ஒரு கையைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தாள். அந்தக் கைக்கு மேடை உயரம் எட்டவேண்டுமானால் உடம்பு நிமிர வேண்டியிருந்தது. நிமிர்ந்தாள். இரண்டாவது கையும் வாக்கரை விட்டு மேலே வந்தது. இரண்டு முன்னங்கைகளும் கல்லின் மேல் படிந்தன. உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கையில் இறங்கியது. முதுகு மெல்ல மெல்ல நேரானது.

"ஆங்" என்றாள். வலியா என்று பதறி மகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வேண்டாம். இரு."

"அம்மா, வலிக்குதா?"

"இரு, சொல்றேன்ல."

அப்படியே நின்றாள். அவள் எவ்வளவு உயரம் என்பதை நாங்கள் எல்லாரும் மறந்தே போயிருந்தோம். கழுத்தைத் திருப்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பழைய மேடையில் குனிந்து நிற்கையில் அந்த ஜன்னலில் அவளுக்குத் தெரிந்தது என் வீட்டுச் சுவர் மட்டும்தான். இப்போது மொட்டைமாடியில் நான் காயப்போட்டிருந்த துணியெல்லாம் தெரிந்திருக்கும்.

"ஏண்டி, இவ்வளவு பாவாடையா தைக்கிற?" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அண்ணன் அருகில் போய்ப் பயந்து பயந்து கேட்டார். "இதுல பிசைய முடியாதேம்மா?"

"பிசையிறதுக்கு இது ஆகாது. அதுக்குப் பாரம் கொடுத்து அமுக்கணும், கீழே இருக்கணும். அந்தப் பக்கத்து மேடை இருக்குல்ல, குட்டையா, உங்களுக்குன்னே அளவெடுத்த மாதிரி? அதுல நீங்க பிசைங்க." முன்னாலிருந்த உருண்டையை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள். "மாவா இது? இதை வச்சு இந்த மேடைக்கே பூசியிருக்கலாம். தண்ணி எவ்வளவு விட்டீங்க?"

"ஒரு அளவாத்தான்..."

"உங்க அளவுதான் தெரியுதே! கொஞ்சம் எண்ணெய் கொண்டாங்க."

கொத்தனார் உளியைப் பிடித்தபடி நின்றிருக்க, அக்கா மாவைக் கிள்ளி உருட்டத் தொடங்கினாள். முன்னங்கை கல்லை விட்டு நகரவே இல்லை, விரல் மட்டும்தான் வேலை செய்தது. உள்ளங்கைக் குழிக்குள் மாவு ஒரு சுற்று சுற்றி உருண்டையாகி வெளியே வந்தது. ஒன்று, இன்னொன்று. மகள் தட்டைப் பிடித்தாள். அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு பாதி நிறைவதற்குள் அக்காவின் நெற்றியில் வியர்வை கொட்டியது, கால் நடுங்க ஆரம்பித்தது.

"போதும். இன்னிக்கு இவ்வளவுதான்" என்றாள். இன்னிக்கு என்று சொன்னதை நான் கவனித்தேன். மகளும் கவனித்திருப்பாள், தட்டை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மகள் வாக்கரை நகர்த்திக் கொண்டுவந்தாள். அக்கா அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"அது வேண்டாம். அது என்னைக் கூன வைக்குது. நீங்க வாங்க இப்படி."

அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். அக்கா ஒரு கையை அவர் தோளில் வைத்தாள். வாகாக இருந்தது. குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். ஒவ்வொரு அடியாக இரண்டு பேரும் வாசலுக்கு நடந்தார்கள். பின்னால் மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழுந்தால் பிடிக்கிற மாதிரி வந்தாள். எங்கள் எல்லாருடைய கண்ணும் அக்காவின் காலில்தான் இருந்தது. அதனால் மேலே யாரும் பார்க்கவில்லை.

தொப் என்று ஒரு சத்தம். நிலையில் நான் தைத்துக் கொடுத்த மெத்தையில் அக்காவின் நெற்றி போய் இடித்துவிட்டது.

"ஐயோ அம்மா!" என்று மகள் அலறினாள். அண்ணன் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அக்கா விழவில்லை. நெற்றியை அந்த மெத்தையில் வைத்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அண்ணே, மேடையை என்ன பண்ணட்டும்? உடைக்கவா, வேண்டாமா?" என்று கொத்தனார் கேட்டார். பாவம், அவருக்கு அடுத்த வீட்டில் வேலை காத்திருந்தது.

அண்ணன் தலையைத் தூக்கி அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"உளியைக் கையில எடுத்துட்டீங்க, சும்மா போக வேண்டாம்" என்றாள் அக்கா. மேலே கையைக் காட்டினாள். "இந்த நிலையை உடைங்க."

கொத்தனார் அண்ணனைப் பார்த்தார். குனிஞ்சு போனாப் போச்சு என்று அவர் சொல்லப்போகிறார் என்று நானும் பார்த்தேன்.

"அவ சொல்லிட்டாள்ல, உடைப்பா" என்றார் அண்ணன். "அளவு அவளையே நிக்கவச்சு எடுத்துக்கோ."

சாயங்காலம் அந்த மெத்தை ஆணியோடு என்னிடமே திரும்பி வந்தது. ஆணியைப் பிடுங்கிவிட்டு மிஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஊசி குத்தி வைக்க வசதியாக இருக்கிறது.